ஞானத்தாய்க்கு ஒரு ஞானத்தாய்

வலது தோளில் ஆரம்பித்து, முழங்கை வழியாக இறங்கி, சுண்டுவிரலில் போய் மரத்து நிற்கும் வலி. பெரியக்காவுக்கு அது போகும் பாதை மனப்பாடம். ஈர விரிப்பின் எடை தெரியாதவர்களிடம் அந்த வலியைச் சொல்லிப் பிரயோசனமில்லை. காய்ந்த விரிப்பை ஒரு குழந்தை தூக்கிவிடும். மெஷின் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும் இருபது ஈர விரிப்புகளை இழுத்து வண்டியில் போட இரண்டு ஆண்கள் வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அந்த இரண்டு ஆண்களும் பெரியக்காதான்.

இருபத்தொரு வருட வேலை. வயதில் மூத்தவள் என்பதால் பெரியக்கா. சனிக்கிழமை காலை ஷிஃப்ட்டில் ஒன்பது மணிக்குள் மூன்று மெஷின் இறக்கியாகிவிட்டது. தோள் வலி புதிதல்ல. மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்பதுதான் புதிது.

எல்லாம் ஒரு நல்ல காரியத்தில்தான் ஆரம்பித்தது. கூடத்தில் இஸ்திரி போடும் பெண், எல்லோருக்கும் அவள் பெயரே இஸ்திரிதான், ஒரு வருடமாகக் கோயிலில் பாடம் படிக்கிறாள். உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அவளுக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். அதே இரவில் தைலம் பூசும் உறுதிபூசுதலும், பூசையில் அப்பம் வாங்கும் முதல் நன்மையும். பக்கத்தில் நிற்க ஒரு ஞானத்தாய் வேண்டும். "உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்று கேட்டாள். பெரியக்கா சரி என்றாள். ஞானத்தாயாக நிற்பவரின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது கோயிலின் பங்கு அலுவலகம். தேடினார்கள். இல்லை.

இருந்தது ஒரு வரி. இருபத்து நாலு வருடத்துக்கு முந்தைய திருமணப் பதிவேட்டில், மணமகள் திருமுழுக்குப் பெற்றவர், ஏடு கிடைக்கவில்லை, நேரில் கண்டவர் ஆணையிட்டுச் சாட்சி சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தது. கீழே சாட்சியின் கையெழுத்து. பெரியக்காவின் நாத்தனார், கணவரின் அக்கா.

அன்று சாயங்காலமே நாத்தனாரிடம் போய் நின்றாள். கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் பெரியக்காவுக்குத் தலை அலசிவிட்டது நாத்தனார்தான். "அன்னிக்கே உனக்குக் கொடுத்துட்டேன்டி," என்றார். "தண்ணி ஊத்தினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆபத்துக்கு யாரு வேணும்னாலும் திருமுழுக்கு கொடுக்கலாம்னு பாடத்துலயே இருக்கு."

பெரியக்கா அன்று தலை குளித்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேறு மதத்தில் பிறந்தவள், கோயிலில் கல்யாணம் ஆனதோடு எல்லாம் ஆகிவிட்டது என்றே இருந்தாள்.

விஷயம் ஃபாதருக்குப் போய், அவர் மேலே இருக்கும் பிஷப்பான ஆயருக்கு எழுதி, இன்றைக்குக் கெடு. நாளை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறு. இந்த வருடம் திருமுழுக்குப் பெறப் போகிறவர்களின் பெயர்களை ஆயர் தன் கோயிலில் சபை முன்னால் கூப்பிடுவார். பட்டியல் இன்றைக்கே போக வேண்டும். ஐந்து மணிக்குப் பெரியக்கா வந்து ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். அன்று குழாயடியில் நடந்தது என்னவென்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

"சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் இஸ்திரி. அவள் சுருக்கம் எடுக்கும் சூட்டு உருளையில் தலையணை உறைகளை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

"நோன்பா?"

"மறந்துட்டேன்."

"மூஞ்சியப் பாத்தா அந்த விரிப்பே தேவல போலிருக்கு. இப்படி வாங்க, உருளையில ஒரு தடவை விட்டு எடுக்கறேன்."

பெரியக்கா வண்டியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். நீராவி கண்ணில் அடித்தது.

"உங்களுக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம் இருக்காக்கா?"

"கண்ணு எரிஞ்சது ஞாபகம் இருக்கு. ஷாம்பு உள்ள போயிடுச்சு. துண்டு, துண்டுன்னு கத்தினேன். அண்ணி ஏதோ முணுமுணுத்தாங்க. அவங்க எப்பவும் எதையாவது முணுமுணுப்பாங்க. கரண்டு போனாக்கூட முணுமுணுப்பாங்க."

இஸ்திரி சிரித்துவிட்டாள். பிறகு உறையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னை ஃபாதர் எல்லார் முன்னாடியும் வாசல்ல நிக்க வெச்சுக் கேட்டார். திருச்சபைகிட்ட நீ என்ன கேக்குறேன்னு. விசுவாசம்னு சொல்லணும். முதல் நாளே சொல்லிக் கொடுத்துட்டாங்க. அங்க நின்னப்போ அது மறந்தே போச்சு. உனக்கு என்ன வேணும்னு என்னை யாருக்கா கேட்டிருக்கா? கல்யாணத்துக்கே கேக்கலையே. அப்புறம் எங்களுக்குப் பாடம் நடத்துற உபதேசியாரோட சம்சாரம் காது, கண்ணு, வாய், தோளுன்னு ஒவ்வொரு இடமா சிலுவை போட்டாங்க. கால்ல போடக் குனியறாங்க, பாதம் பூரா வெடிப்பு. நான் செருப்புக்குள்ள இழுத்துக்கிட்டேன். விடல. பிடிச்சு இழுத்துப் போட்டாங்க."

"அவங்க அப்படித்தான்."

"நீங்க எனக்கு அம்மாவா நிக்கிறேன்னு சொன்னீங்க. இப்பப் பாத்தா தங்கச்சியா வந்து நிக்கப் போறீங்க போலிருக்கு."

"வாயை மூடிக்கிட்டு வேலையப் பாருடி."

"என்னை அக்கான்னு கூப்பிடுவீங்களா?"

மூன்று வாரத்தில் பெரியக்காவுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியதும் வலி வந்து சிரிப்பை நிறுத்தியது.

*

வீட்டுக்கு வரும்போது இரண்டரை. கணவர் வெறும் தரையில் மல்லாந்து கிடந்தார். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். முப்பது வருடமாகக் குனிந்தே நின்று குறுக்குக் கம்பியும் நெடுக்குக் கம்பியும் முடிச்சுப் போட்ட முதுகு. இப்போது நிமிர்ந்தால் வலிக்கிறது, குனிந்தால் வலிக்கிறது, படுத்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறது. மதியத்தோடு வந்துவிட்டாராம். நாலு மணிக்குக் கான்கிரீட் போடுவதற்குள் திரும்பப் போக வேண்டும்.

பெரியக்கா அவர் காலைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

"ஞாபகமில்லன்னு சொல்லிடு," என்றார் கம்பிக்காரர், கூரையைப் பார்த்தபடி.

"என்னது?"

"ஃபாதர்தான் சொன்னாரே. சந்தேகம்னு வந்தா, நீ ஏற்கெனவே வாங்காம இருந்தால்னு ஒரு வார்த்தை சேர்த்து, வாரநாள்ல நாலு பேரை மட்டும் வெச்சுக் கொடுத்துடுவாங்களாம். யாருக்கும் தெரியாது. அக்கா பேரும் கெடாது. நீயும் நன்மை வாங்கலாம். முடிஞ்சுது."

"ஞாபகம் இருக்கே."

"இருபத்து நாலு வருஷம் ஆச்சு. நேத்து சாவியை எங்க வெச்சேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"ஆணியில. நீங்கதான் அரை மணி நேரம் தேடுனீங்க."

கம்பிக்காரர் கையை நெற்றி மேல் போட்டுக்கொண்டார்.

"சரி. நீ தெரியாதுன்னே சொல்றேன்னு வெச்சுக்க. அப்புறம் என்னாகும் தெரியுமில்ல? உயிர்ப்பு வரைக்கும் நன்மை கிடையாது. பிரசங்கம் முடிஞ்சதும் அந்தப் புதுசா வந்தவங்களோட உன்னையும் எழுப்பி வெளிய பாடத்துக்கு அனுப்புவாங்க. ஊரே பாக்கும். பீடத்துணி பூரா நீதான் துவைக்கிற. அந்தப் பொம்பளைக்கே இன்னும் திருமுழுக்கு ஆகலையாம்னு பேசுவாங்க."

"பேசட்டும்."

"கல்யாணமும் செல்லாதாம். மறுபடி நிக்கணுமாம். ரெண்டு பிள்ளையைப் பெத்து ஆளாக்கி அனுப்பிட்டு, இனிமே போய் இவளைக் கட்டிக்கச் சம்மதம்னு நிக்கணுமா நான்? இந்த முதுகை வெச்சுக்கிட்டு?"

"உக்காந்து சொல்லுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. அடக்கிக்கொண்டார்.

"அக்காவ நினைச்சுப் பாத்தியா?"

"மூணு வாரமா அவங்களைத்தான் நினைக்கிறேன்."

"என்னை வளர்த்தவங்க. தையல் மெஷின் மிதிச்சு மிதிச்சே என்னை வளர்த்தாங்க. கல்யாணமே கட்டல."

பெரியக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கேட்க வேண்டாம் என்று மூன்று வாரமாக வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அன்னிக்கு அவங்க என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கம்பிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். திரும்புவதற்கு அவருக்கு வெகு நேரம் ஆனது.

"முதுகு வலிக்குது," என்றார்.

*

நாத்தனாரை ஊரில் டீச்சரம்மா என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. தையல்காரர். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. கோயிலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்துத்தான் முதல் நன்மை வாங்கினார்கள். அவர்களில் சிலருக்கு இப்போது வழுக்கை.

பெரியக்கா போனபோது டீச்சரம்மா தைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் திருமுழுக்குப் பெறும் நாலு பேருக்கும் வெள்ளை அங்கி. மூன்று முடிந்து கொடியில் தொங்கின. நாலாவது மெஷினில் இருந்தது.

"வா. நிக்காதே, உக்காரு."

"அஞ்சு மணிக்கு ஃபாதர் வரச் சொல்லியிருக்கார் அண்ணி."

"தெரியும். என்னையும் கூப்பிட்டார். காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"காய்ச்சலா?"

"நாளைக்கு வரும்."

டீச்சரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"உன் வயித்துல மூத்தவன் மூணு மாசம்," என்றார். "அப்ப இருந்த ஃபாதர், ஒரு வருஷம் பாடம் படிக்காம திருமுழுக்கு இல்ல, திருமுழுக்கு இல்லாம கல்யாணம் இல்லன்னு சொல்லிட்டார். ஒரு வருஷத்துல பிள்ளை தவழ்ந்து கோயிலுக்கு வந்திருக்கும். என்ன பண்ணச் சொல்ற என்னை? பாடத்துல படிச்சதைப் பண்ணினேன். தண்ணி ஊத்தினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு ஒரு வார்த்தை விடாம சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லல. மனசாரச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க மனசாரத்தான் செஞ்சிருப்பீங்க."

"கேட்டிருந்தா சரின்னுதானே சொல்லியிருப்ப?"

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்னடி?"

"நீங்க கேக்கலையே."

டீச்சரம்மா காலை மிதியில் வைத்தார். மெஷின் ஒரு முழத் துணி ஓடி நின்றது.

"ரெண்டு பிரசவமும் நான்தான் பாத்தேன். ரெண்டாவதுல நீ செத்துப் பொழைச்ச. உன் துணி அத்தனையும் இந்தக் கையால அலசினேன். அதையெல்லாம் சொல்லிக் காட்ட மாட்டேன்."

"இப்பச் சொல்லிட்டீங்க."

"சொல்ல வெச்சுட்ட." டீச்சரம்மாவின் குரல் தணிந்தது. "தெரியும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அது பொய்யும் இல்ல. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் வாழ்ந்து காட்டிட்ட. ஒரு பூசையை விட்டிருக்கியா? ஞாயித்துக்கிழமைதோறும் நன்மை வாங்கியிருக்க. என் கிளாசுல வந்த எந்தப் பிள்ளையை விடவும் நீ நல்லாப் படிச்ச."

"அதுதான் அண்ணி தூங்க விடல. இத்தனை நாள் தெரியாம வாங்கிட்டேன். இனிமே தெரிஞ்சுக்கிட்டு எப்படிப் போய் நாக்கை நீட்டுறது?"

டீச்சரம்மா அங்கியின் மடிப்பை நகத்தால் அழுத்தினார். தெருவில் யாரோ ஒரு தகர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். 

"கிளாசுல முப்பத்தாறு பிள்ளைங்க," என்றார் டீச்சரம்மா. "போன மாசம் எட்டாவது கட்டளை. பொய்ச்சாட்சி சொல்லாதே. நான்தான் நடத்தினேன். ஒரு வாண்டு எழுந்து, டீச்சர் நீங்க பொய் சொன்னதே இல்லையான்னு கேட்டுது. உக்காருன்னு அதட்டினேன். நீ இன்னிக்கு அங்க போய்த் தெரியாதுன்னு சொன்னா, கண்ணால பாத்தேன், முறைப்படி நடந்ததுன்னு வேதப்புத்தகத்து மேல கை வெச்சு நான் சொன்னது என்னாகும்? என்ன மூஞ்சியோட அந்தப் பிள்ளைங்க முன்னாடி நிப்பேன்?"

பெரியக்கா தையல் இயந்திரத்தின் சக்கரத்தில் கிடந்த டீச்சரம்மாவின் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது.

"நேரமாச்சு. வர்றேன் அண்ணி."

 பெரியக்கா வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

*

ஃபாதர் சின்ன வயசுக்காரர். மூக்கு சிவந்திருந்தது. அந்த வாரத்தில் மூன்று சவ அடக்கம், நடுவில் ஜலதோஷம். மேசையில் பழைய பதிவேடு திறந்து கிடந்தது. ஓரங்களைப் பூச்சி தின்றிருந்தது.

"உக்காருங்கம்மா. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லுங்க. எனக்கு எது வசதின்னு பாக்காதீங்க. வீட்டுக்கு எது வசதின்னும் பாக்காதீங்க."

பெரியக்கா சொன்னாள். குழாய், பிளாஸ்டிக் குவளை, ஷாம்பு, எரிச்சல், துண்டு, முணுமுணுப்பு. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா மூன்று வாரம் என்று அவளுக்கே தோன்றியது.

"தண்ணி ஊத்தும்போது அது திருமுழுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இந்த இடத்தில்தான் ஒரு வார்த்தை போதும். டீச்சரம்மாவுக்கு ஒரு வார்த்தை, கம்பிக்காரருக்கு இன்னொரு வார்த்தை. இரண்டும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. களைப்பில் எதைச் சொன்னாலும் வந்துவிடும்.

"தெரியாது ஃபாதர்."

"சந்தேகம் ஏதாவது?"

"இல்ல. தலை குளிக்கிறேன்னுதான் நினைச்சேன்."

ஃபாதர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "குழந்தைன்னா பெத்தவங்க அதுக்காகப் பேசுவாங்க. வளர்ந்தவங்களுக்கு வேற யாரும் பேச முடியாது. நாமளே வேணும்னு சொல்லணும். அது இல்லன்னா, தண்ணி ஊத்தினாலும் வார்த்தை சரியா இருந்தாலும் திருமுழுக்கு ஆகாது. தலை குளிச்சது குளிச்சதுதான்."

கதவு தள்ளப்பட்டது. கம்பிக்காரர் நின்றார். முழங்கால்வரை சிமெண்டு. ஓடி வந்திருக்க முடியாது. முதுகு விடாது. ஆனால் மூச்சு வாங்கியது.

"கான்கிரீட்?" என்றாள் பெரியக்கா.

"போட்டுட்டு இருக்காங்க. நான் இல்லாம வெந்துடாது." அவர் ஃபாதரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அவளுக்குத் தெரியாது ஃபாதர். எனக்குத் தெரியும். நான் அன்னிக்குப் பின்கதவுகிட்ட நின்னேன். துண்டோட."



"துண்டு உங்க கையிலயா இருந்தது?" என்று கேட்டாள் பெரியக்கா.

"ஆமா."

"கண்ணு எரியுதுன்னு கத்தினேனே."

"மூணு தடவை ஊத்தி முடிக்கிற வரைக்கும் கொடுக்காதேன்னாங்க அக்கா. நின்னேன்." அவர் சுவரைப் பிடித்து மெல்ல நாற்காலியில் இறங்கினார். "முதல்லயே உன்கிட்ட கேக்கலாம்னு சொன்னேன். கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லிட்டா? கல்யாணம் நின்னு போயிடும்னு பயம். அக்காவுக்கும் பயம். எனக்கு அதை விட."

பெரியக்கா அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காலை ஐந்திலிருந்து நின்ற கால்களில் அதற்கு இடமில்லை. இந்த மனுஷன் இருபத்து நாலு வருடமாக ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று மட்டும் தோன்றியது.

ஃபாதர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "ஒண்ணு சொல்றேன், கஷ்டப்படாதீங்க. அன்னிக்கே ஆயர்கிட்ட விலக்குன்னு ஒரு கடிதம் கேட்டிருக்கலாம். திருமுழுக்கு ஆகாமலே முறைப்படி கல்யாணம் பண்ணி வெச்சிருப்பாங்க. பழைய ஃபாதர் ஏன் சொல்லலைன்னு தெரியல."

"ஒரு கடிதமா?" என்றார் கம்பிக்காரர்.

"ஒரு கடிதம்."

கம்பிக்காரர் சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம்," என்றார் ஃபாதர். "ஒரு வருஷம் பாடம்னு நான் கேக்க மாட்டேன். இருபத்து நாலு வருஷம் படிச்சிருக்கீங்க. ஆயரும் சரின்னு எழுதியிருக்கார். இப்பவே உங்க பேரைப் பட்டியல்ல சேர்த்துடறேன். நாளைக்கு அவர் கூப்பிடும்போது எழுந்து நிக்கணும். பாஸ்கா ராத்திரி மூணும் ஒண்ணா நடக்கும். திருமுழுக்கு, தைலம், நன்மை. கல்யாணத்தை அதுக்கப்புறம் ஒரு நாள் சரி பண்ணிக்கலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு."

அவர் விரலை அந்தக் கையெழுத்தின் மேல் வைத்தார்.

"ஒரு தடவை திருமுழுக்கு வாங்கினவங்களுக்கு இன்னொரு தடவை கொடுக்க முடியாது. வாங்கிட்டாங்கன்னு இங்க ஆணையிட்ட சாட்சி இருக்கு. இதை நான் பேனாவால அடிச்சுட்டுப் போக முடியாது. சொன்னவங்களே வந்து, அப்படி இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஆயர் அலுவலகத்துல அதைக் கேப்பாங்க."

"நான் எழுதித் தர்றேன் ஃபாதர்," என்றார் கம்பிக்காரர்.

"எழுதிக் கொடுங்க, வெச்சுக்கறேன். ஆனா அன்னிக்கு ஆணையிட்டது நீங்க இல்லையே. பாஸ்கா இரவுக்குள்ள டீச்சரம்மா எழுதினது என் கையில இருக்கணும். இல்லன்னா தண்ணித் தொட்டிகிட்ட நாலு பேர்தான் நிப்பாங்க."

பெரியக்கா தலையை ஆட்டினாள்.

"இஸ்திரி பொண்ணுக்கு உபதேசியார் சம்சாரம் ஞானத்தாயா நிக்கறேன்னுட்டாங்க," என்று எழுதிக்கொண்டே சொன்னார் ஃபாதர். "இப்ப உங்களுக்கு ஒரு ஞானத்தாய் வேணுமே. யாரைப் போடட்டும்?"

பெரியக்கா யோசிக்கக்கூட இல்லை.

"அண்ணியை."

ஃபாதர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். கம்பிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இப்பத்தானே…"

"ஜெபம் சொல்லிக் கொடுத்தது அவங்கதான் ஃபாதர். எனக்கு எழுத்து கூட்டிப் படிக்கத்தான் வரும். உக்கார வெச்சு வரி வரியாச் சொல்லிக் கொடுத்தாங்க. முழங்கால் போட, நோன்பு இருக்க, செத்த வீட்டுல என்ன சொல்லணும், எல்லாம் அவங்கதான். எனக்குச் சாமியைத் தெரியும்னா அவங்க வழியாத்தான் தெரியும். வேற யாரையாவது பக்கத்துல நிக்க வெச்சா அதுதான் பொய்."

"பொய்ச் சாட்சி சொன்னவங்களை நான் ஞானத்தாயா நிறுத்த முடியாதும்மா."

"உண்மையை எழுதிக் கொடுத்து, பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாங்கன்னா?"

ஃபாதர் பேனாவை மூடினார். "அப்ப நிறுத்தலாம்," என்றார். ஞானத்தாய் என்று இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பட்டியலை மடித்து உறைக்குள் போட்டார்.

*

ஆறு மணிப் பூசைக்கு இருவரும் அப்படியே உள்ளே போனார்கள். வீட்டுக்குப் போய் வரத் தெம்பில்லை. கம்பிக்காரர் சிமெண்டுக் காலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெரியக்கா பக்கத்தில்.

முன்னால் இடப்பக்கம் முதல் வரிசையில் ஓரத்து இடம் காலியாக இருந்தது. டீச்சரம்மாவின் இடம். வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. இன்று அவர் வரவில்லை.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. வரிசை வரிசையாக எழுந்தார்கள். பெரியக்கா முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் அவளைத் தாண்டும்போது நின்று, "வரலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். போங்க."

அந்த அம்மாள் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததை இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். நாளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கம்பிக்காரரும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போகலாமே?" என்றாள்.

"கல்யாணமே செல்லாதுங்கறாங்க. நான் எங்க போறது?" என்றார். பிறகு, "முதுகும் வலிக்குது," என்று சேர்த்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. டீச்சரம்மா வீட்டுத் தெரு முனையில் கம்பிக்காரர் நின்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. மெஷின் சத்தம் இல்லை.

"நான் போய்ப் பேசட்டுமா?"

"வேண்டாம். அவங்களா வரட்டும்."

"வரலன்னா?"

பெரியக்கா நடந்தாள். பாஸ்கா இரவுக்கு ஆறு வாரம் இருந்தது. டீச்சரம்மா எழுதித் தர வேண்டியது ஒரு தாளில் நாலே வரி: அன்று குழாயடியில் அவளிடம் கேட்கவில்லை, முறைப்படி நடந்தது என்று நான் ஆணையிட்டது பொய். அந்த நாலு வரியும் அவர் இன்னும் தர வேண்டிய பாக்கி.